அமிர்தா மோட்டார்ஸின் ஒரேயொரு கார்

பேசாலையில் ஒரு கார்க் கொம்பனி இருந்தது என்றால் பேசாலைக்காரரே சிரிப்பார்கள். இருந்தது. எழுபத்து மூன்றாம் ஆண்டு, வெளிநாட்டுக் கார் வருவதை அரசாங்கம் நிறுத்தியிருந்த காலம். அதன் முதலாளி, மனேச்சர், பெயர்ப்பலகை எழுதியவன் எல்லாம் நான்தான். வேலை செய்தவர் மட்டும் வேறு ஆள், வள்ளம் கட்டும் அபூசாலி நானா.

நானும் கடலுக்குப் போகிறவன். ஆகவே காரும் வள்ளம்போலவே பிறந்தது. பலகை உடம்பு, பழைய வள்ளத்து எஞ்சின், கீழே உருள உழவு மெசினின் சில்லுகள். மழைத்தண்ணீர் ஒரு துளி உள்ளே வராது. வந்தால் வெளியே போகவும் போகாது.

ஸ்டியரிங் கிடைக்கவில்லை. "சுக்கான் பிடியையே வைப்பம் நானா" என்றேன்.

"றோட்டில ஓடுறவங்களுக்கு அது சரிவராது, அமிர்தம்."

நான் முதலாளி அல்லவா, கேட்கவில்லை. வள்ளத்தில் பிடியை வலப்பக்கம் தள்ளினால் வள்ளம் இடப்பக்கம் திரும்பும். காரும் அப்படியே திரும்பியது. எங்களுக்கு அதில் ஒரு புதினமும் தெரியவில்லை.

இவ்வளவு பாடும் செலீனாவுக்காக. அவளுடைய தகப்பன் பஸ்ரியன் லொறி ஓட்டுபவர். கடலுக்குப் போகிறவனுக்குப் பெண் இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னவர். கொம்பனி முதலாளிக்கு என்ன சொல்வார் என்று பார்க்க, ஞாயிறு பூசை முடிந்ததும் நானாவையும் ஏற்றிக்கொண்டு அவர் வளவுக்குள் காரை விட்டேன்.

"இறங்கும் தம்பி, நான் ஒருக்கா ஓடிப் பாக்கிறன்" என்றார்.

பிடியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. கிணற்றை விலத்த அவர் பிடியை வலப்பக்கம் தள்ளினார். கார் இடப்பக்கம் திரும்பிக் கிணற்றுக்கட்டில் மோதியது. நெற்றியில் இரத்தம் வடிய இறங்கினார்.

"ஆரடா இந்தப் பிடியை வைச்சது?"

என் கை தானாகவே நீண்டது. "அபூசாலி நானா."

நானா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

செலீனா தகப்பனின் நெற்றியைத் துடைத்தபடியே சொன்னாள்: "போன கிழமை கோயில் வாசலில, 'இந்தப் பிடி என்ர யோசனை' எண்டு நீங்கள்தானே எனக்குச் சொன்னனீங்கள். அப்பா மாட்டன் எண்டாலும் நான் உங்களோட வந்திருப்பன். இனி வரமாட்டன்."

வரவில்லை.

எண்ணெய் விலையால் கொம்பனி படுத்துவிட்டது என்றுதான் கேட்பவர்களுக்கு இன்றும் சொல்கிறேன். அபூசாலி நானா பக்கத்தில் இருந்தால், "ஓம், எண்ணெய் விலைதான்" என்பார். அதைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை.