மூன்றாம் கூண்டு முயல்

தென்காசியில் டாக்டர் அனந்தநாராயணனின் ஆராய்ச்சிக்கூடம் என்பது ஓர் ஓட்டு வீட்டின் பின்கட்டும் ஐந்து முயல் கூண்டுகளும்தான். 1981இல் அந்த முயல்களுக்குத் தீனி வைப்பதும் கூண்டு கழுவுவதும் சிவசைலத்தின் வேலை. டாக்டர் எதையும் விளக்கிச் சொல்ல மாட்டார். சிவசைலம் எதையும் கேட்க மாட்டான். இருவருமே தங்கமானவர்கள். தங்கமானவர்கள் வாயைத் திறக்காமலே எவ்வளவு கெடுதல் செய்துவிடுகிறார்கள்.

சிவசைலத்தின் மகள் வடிவுக்கு நாலு வயது. மாதம் தவறாமல் காய்ச்சல், நெஞ்சுச் சளி, காதில் சீழ். மருந்து கொடுத்தால் பத்து நாள் ஓடி விளையாடுவாள், மறுபடி படுத்துவிடுவாள். டாக்டர் ஒருநாள் அவள் கையில் கொஞ்சம் ரத்தம் எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தார். எதற்கென்று சொல்லவில்லை.

மூன்றாம் கூண்டு முயலுக்கு மூன்று மாதமாக ஊசி போட்டுவந்தார்கள். ஆனி மாதம் டாக்டர், "வர்ற புதன்கிழமை இதோட ரத்தம் பூராவும் எடுத்துரணும்" என்றார். பூராவும் எடுத்தால் முயல் பிழைக்காது. ஏற்கெனவே இரண்டைப் புதைத்தவன் சிவசைலம்.

அன்று வீட்டில் அவன் மனைவி பேராச்சி, "பிள்ளை மூச்சு விடக் கஷ்டப்படுதா, பாக்க முடியல" என்று அழுதாள். கொஞ்சம் பொறுத்து, "வாயில்லாச் சீவனையெல்லாம் அங்கன ஊசி குத்திக் கொல்லுதிய. அந்தப் பாவம்தான் நம்ம பிள்ளையப் பிடிச்சு ஆட்டுது" என்றாள்.

அது சுருக்கென்று தைத்தது. கன்றையோ சேவலையோ கோயிலுக்கு நேர்ந்து விடுவது அவர்கள் வழக்கம். சாகப்போகிற ஓர் உயிரைத் தப்பவிடுகிறேன், என் பிள்ளையைக் கொடு என்று குற்றாலநாதரை வேண்டி, மகள் கையில் மஞ்சள் துணி முடிந்தான்.

செவ்வாய்க்கிழமை காலை முயலைச் சாக்குப் பையில் வைத்துக் குற்றாலம் பஸ் ஏறினான். சாரல் ஆரம்பித்திருந்தது. குளிக்கிற கூட்டத்தைத் தாண்டி, சிற்றருவிக்கு மேலே காட்டோரமாகப் பையை அவிழ்த்தான். முயல் நகரவில்லை, கூண்டிலேயே பிறந்த அதற்குக் காடு தெரியாது. காலால் மெல்லத் தள்ளினான். நாலு எட்டு வைத்துத் திரும்பிப் பார்த்துவிட்டுப் புதருக்குள் போயிற்று. ஈர வேட்டியோடு திரும்புகையில் ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் மனசு நிம்மதியாக இருந்தது.

டாக்டரிடம், "காலைல செத்துக் கெடந்துச்சு சார். புதைச்சிட்டேன்" என்றான். அவர் நெடுநேரம் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த முயலுக்கு முதலிலிருந்து ஊசி ஆரம்பமானது.

ஆவணியில் வடிவு போய்விட்டாள்.

புரட்டாசிக் கடைசியில் டாக்டர் அவனைக் கூப்பிட்டு ஒரு கண்ணாடித் தட்டைக் காட்டினார். கண்ணாடிமேல் ஜெல்லி மாதிரி ஒரு படலம், அதில் சின்னச் சின்னக் குழிகள்.

"நோயை எதிர்க்கிற புரதம் ஒண்ணு நம்ம ரத்தத்துல இருக்கு. அதைத்தான் முயலுக்கு ஊசியாப் போட்டோம். முயல் ரத்தம் அதைப் பழகி வச்சிருக்கும். எங்க கண்டாலும் பிடிச்சு வெள்ளைக் கோடு போடும். நடுக்குழியில முயல் ரத்தம். இது என் ரத்தம், கோடு இருக்கு. இது வடிவோடது."

வடிவின் குழிக்கு முன்னால் கோடு இல்லை.

"அவ ரத்தத்துல அந்தப் புரதம் இல்லையோன்னு அப்பவே சந்தேகம்தான். உன்னைப் பயமுறுத்த வேண்டாம், பாத்துட்டுச் சொல்லுவோம்னு இருந்தேன். தெரிஞ்சிருந்தா அந்தப் புரதத்தையே மெட்ராஸ்லேருந்து வரவழைச்சு மாசாமாசம் போட்டிருக்கலாம். பிழைச்சிருப்பா. அந்த மூணாங்கூண்டு முயல் மட்டும் சாகாம இருந்திருந்தா..."

சிவசைலம் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது சாகல சார்" என்றான்.