சாம்பல் நிற வரிகள்

"பூட்டின வரியத் தொடாதீங்கன்னு எத்தன தடவதான் சொல்றது அக்கா?"

"தொடல தம்பி. படிச்சேன், அவ்வளவுதான்."

"படிக்கவும் வேணாம். புதுசா வந்த ஏழு வரி மட்டும்தான் உங்க வேலை."

தொலைபேசியில் பேசியவன் மொழிபெயர்ப்பு நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளன். ஏழு வரியை மட்டும் பார்த்து மொழிபெயர்ப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வெள்ளையடிப்பது மாதிரி என்பாள் மொழிபெயர்ப்பாளரான அவள். முன்னும் பின்னும் படித்துப் பார்ப்பது பதினோரு வருடப் பழக்கம்.

இதய அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகும் குழந்தைகளின் பெற்றோருக்கு மருத்துவமனை கொடுக்கும் தாள் அது. இடப்பக்கம் அறிகுறி, வலப்பக்கம் செய்ய வேண்டியது. மூன்று வருடத்துக்கு முன் அவளே மொழிபெயர்த்தது; இப்போது ஏழு வரி சேர்ந்து புதுப் பதிப்பாக வந்திருக்கிறது. அன்று அவசரத்தில் வெட்டி ஒட்டியபோது இரண்டு கட்டங்கள் இடம் மாறியிருக்கின்றன. தையல் அரிப்புக்கு நேரே 'உடனே மருத்துவமனைக்கு வரவும்' என்று நிற்கிறது. காய்ச்சலுக்கு நேரே 'இது இயல்பு. இரண்டு நாளில் சரியாகும்.'

ஒருமுறை ஒப்புதல் ஆனதை மொழிபெயர்ப்பு மென்பொருள் மறப்பதில்லை. ஒவ்வொரு பதிப்பிலும் அதே வரியைத் தானாகவே இட்டு, சாம்பல் பூசி, பூட்டிவிடும். அவள் தவறை அது மூன்று வருடமாகப் பத்திரமாகக் காப்பாற்றி வந்திருக்கிறது.

"தப்பு என்னோடது தம்பி."

"அத எழுத்துல குடுத்தீங்கன்னா உங்கள வேலையிலேருந்து எடுத்துருவாங்க. மூணு வருஷமா ஒரு புகார் வரல. விடுங்களேன்."

"எழுதி அனுப்பிட்டேன்."

அவன் தொலைபேசியை வைத்துவிட்டான். கால் மணி நேரத்தில் கோப்பு திரையிலிருந்து மறைந்தது. மறுபடி நுழையப் பார்த்தாள். கடவுச்சொல் செல்லாது என்றது.

துணி மடித்துக்கொண்டிருந்த கணவன் நிமிர்ந்தான். "புகார் வரலன்னா யாருக்கும் ஒண்ணும் ஆகலன்னுதான அர்த்தம்?"

யார் புகார் சொல்வார்கள்? தாளில் போட்டபடி இரண்டு நாள் பொறுத்திருந்த தாய், தான் செய்தது சரிதான் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருப்பாள். தலைவிதியை நொந்திருப்பாளே தவிர, தாளை நொந்திருக்க மாட்டாள்.

வாடிக்கையாளரை நேரடியாக அழைக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். இனி என்ன ஒப்பந்தம்? தன்னிடமிருந்த பழைய பிரதியின் அடியில் இருந்த எண்ணை அழுத்தினாள். குழந்தைகள் வார்டின் செவிலி எடுத்தாள். இருவரும் மருத்துவமனை இருக்கும் ஊரின் மொழியில்தான் பேசினார்கள்.

"குழந்தை பேர் சொல்லுங்க."

"நான் அம்மா இல்லைங்க. நீங்க குடுக்கிற தாள மொழிபெயர்த்தவ. அதுல காய்ச்சலுக்குப் போட்டிருக்கிறது தப்பு."

"டாக்டர் எழுதினது தப்புங்கிறீங்களா?"

"அவர் சரியாத்தான் எழுதினார். நான்தான் மாத்திப் போட்டுட்டேன்."

"உங்க மொழியெல்லாம் எங்களுக்குப் படிக்கத் தெரியாதும்மா. ஆபீஸ்ல எழுதிக் குடுங்க, பத்து நாள்ல பதில் வரும். இங்க மூணு பேர் டிஸ்சார்ஜுக்கு நிக்கிறாங்க."

பின்னால் ஒரு குழந்தை சிணுங்கியது. அச்சு இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

"அந்த மூணு பேர்ல எங்க மொழிக்காரங்க இருந்தா, அந்தத் தாள மட்டும் இன்னைக்குக் குடுக்காம இருப்பீங்களா?"