மார்கிட்டின் வாய்

அமெரிக்காவின் டுலூத் நகரில் ஒரு கைவினைக் கடையின் பின்னறையில் சனிக்கிழமைதோறும் பெண்கள் சிலர் கூடி ஆர்ட் ஜர்னல் என்ற பட ஏட்டில் முகம் வரைந்தார்கள். யார் வரைந்தாலும் ஒரே முகம்தான்: மூடிய கண், அன்னக் கழுத்து, தலை நிறையப் பூ, கன்னத்தில் பழைய அகராதியிலிருந்து கிழித்து ஒட்டிய தாள். சொல்லிக்கொடுத்த மார்கிட்டுக்கு அது ஒன்றுதான் வரும். "கலையில தப்புன்னு ஒண்ணு கிடையவே கிடையாது" என்று மூச்சுக்கு மூச்சு சொல்வாள்.

டெல்பின் புதிதாகச் சேர்ந்தவள். காலமெல்லாம் வீட்டுத் தரகு. எலிவளை அறையை 'அடக்கமான அறை' என்றும், பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்த ஜன்னலை 'காற்றுத் தொந்தரவு இல்லாதது' என்றும் விளம்பரம் எழுதிப் பிழைத்தவள். வசந்தகாலக் கண்காட்சிக்குப் படம் பொறுக்குவது மார்கிட்தான் என்று தெரிந்ததும், மார்கிட்டையே வரைந்துவிடுவது என்று தீர்மானித்தாள். ஐஸ் வைப்பதில் அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆனால் பசை கூடிப்போனது. உதட்டோரம் ஒட்டிய டிஷ்யூ காகிதம் சுருங்கியது. விரலால் நீவினால் இன்னும் சுருங்கியது. தோல் நிறத்துக்காகத் தடவிய காபி அந்தச் சுருக்கங்களில் போய்த் தேங்கியது. அதை மறைக்கக் கரித்துண்டால் இழுத்த கோடு ஒரு புருவத்தைத் தூக்கிவிட்டது. தள்ளி நின்று பார்த்தாள். அடுத்தவர் படத்தைப் பாராட்டும்போது மார்கிட்டின் வாய் கெட்ட பாலை முகர்ந்தது போலக் கோணுமே, அது அச்சு அசலாக வந்திருந்தது.

பக்கத்து நாற்காலி லோயிஸ் எட்டிப் பார்த்தாள். "அய்யய்யோ! இது நம்ம மார்கிட் இல்ல?" என்று வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவ்வளவுதான், அறையே எழுந்து வந்துவிட்டது. கடைசியாக மார்கிட்டும் வந்தாள்.

"யாரு இது?"

எல்லோரும் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மார்கிட்டின் வாய் கோணியது. சந்தேகம் தீர்ந்தது.

"டெல்பின், இது தப்பா வந்திருக்கும்மா. மேல வெள்ளையடிச்சிட்டு முதல்லேர்ந்து போடு. ரெண்டு ரோஜா ஒட்டு."

"தப்புன்னு ஒண்ணு கிடையாதுன்னீங்களே?"

"பொதுவா கிடையாது. இது தப்பு."

வேறொரு நாளாக இருந்தால் டெல்பின் ரோஜாவென்ன, தோட்டமே ஒட்டியிருப்பாள். வாழ்நாளில் முதல்முறையாக உள்ளதை உள்ளபடி காட்டியிருந்தாள், அதுவும் கை தவறி. அதை அழிக்க மனம் வரவில்லை. "ஈரம் காயட்டும்" என்று ஏட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கண்காட்சியில் மூடிய கண்கள் வரிசையாகத் தொங்கின. டெல்பினுக்கு ஒரு மூலைகூடக் கிடைக்கவில்லை. ஆனால் குழுவிலிருந்து ஒவ்வொருத்தியாக ரகசியமாக வீடு தேடி வந்தார்கள். லோயிஸ் தன் நாத்தனாரின் போட்டோவை நீட்டினாள். "இவளையும் அதே மாதிரி போட்டுத் தா. காபியைத் தாராளமா ஊத்து."

"உன்னைப் போடட்டுமா?"

"என்னையா? எனக்கெதுக்கு? நான் சும்மாதானே இருக்கேன்!"

ஒருத்தியும் தன் முகத்தைக் கேட்கவில்லை. மேசையில் குவிந்த மாமியார்களையும் ஓரகத்திகளையும் பார்த்துவிட்டு டெல்பினின் கணவர் வெர்ன் கேட்டார்: "ஊரையே போடுறியே, உன்னைப் போட்டா என்ன?"

டெல்பின் தூரிகையைக் கழுவப் போனாள். "இந்த வீட்டுல வெளிச்சம் சரியில்ல" என்றாள்.