நோரீனும் பெரிலும் சகோதரிகள் அல்ல

1

இந்தக் கதை நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. எல்லாக் கதையும் அப்படித்தானே என்று சாமர்த்தியம் பேசாதீர்கள். நான் பொய் சொன்னது கதையில் அல்ல. என் மருந்துக்கடையில், காலை பத்து மணிக்கு, ஓர் அரசு அதிகாரியிடம். அவர் அதை எழுதிக்கொண்டார். அதனால் இரண்டு கிழவிகளுக்குக் கிடைக்க வேண்டிய ஓர் அறை கைநழுவிப் போகப் பார்க்கிறது.

2

தொடக்கம், முதல் வரைவு: "தென் ஆஸ்திரேலியாவின் வாலரூ துறைமுகத்தில் குளிர்காலக் காற்று..." (வேண்டாம். காற்றை வைத்துத் தொடங்குகிறவனிடம் சொல்ல விஷயம் இல்லை என்று அர்த்தம்.)

இரண்டாம் வரைவு: "அன்பு என்பது சட்டத்தின் கண்களுக்கு..." (இதை எழுதுவதற்கு நான் மாத்திரையே விற்கலாம்.)

மூன்றாவது: 1979இல் பெரில் ஹாக்கிங்குக்குக் குடல்வால் வெடித்தது. ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர்களுக்கு மட்டும்தான் அனுமதி. வாசலில் நின்ற நோரீன் ட்ரெசைஸிடம் தாதி கேட்டாள், "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" நோரீன் அரை நொடி யோசித்தாள். "அக்கா. அம்மா ஒண்ணு, அப்பா வேற." உள்ளே விட்டார்கள்.

இதுதான் சரியான தொடக்கம். அந்த அரை நொடி பிறகு முப்பது வருடம் நீண்டது.

2 (தொடர்ச்சி, 3 என்று போட்டிருந்தேன், அடித்துவிட்டேன்)

ஒரு பொய்க்கு ஒன்பது துணை வேண்டும். ஆஸ்பத்திரித் தாளில் அக்கா என்று எழுதியதால் வீட்டு வாடகைத் தாளிலும் அக்கா. ஓய்வூதிய அலுவலகத்திலும் அக்கா. அக்கா தங்கை என்றால் அம்மா எங்கே என்று மாதா கோயிலில் யாரோ கேட்க, இருவரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், கேட்பாரற்றுக் கிடந்த அடலைன் என்ற பெண்ணின் கல்லைத் தேர்ந்தெடுத்து வருடா வருடம் பூ வைக்கத் தொடங்கினார்கள். (இதை நான் கற்பனை செய்யவில்லை. எனக்கு இவ்வளவு தைரியம் கிடையாது.)

ஊருக்குத் தெரியாதா? எல்லாருக்கும் தெரியும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இந்த ஊர் தானே மூடிக்கொண்டது. மூவாயிரம் பேரும் "உன் அக்கா எப்படி இருக்கா?" என்று பெரிலைக் கேட்டார்கள், முகத்தில் ஒரு கோடு மாறாமல்.

4

2009இல் சட்டம் மாறியது. கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழும் ஆண் பெண்ணுக்கு உள்ளதெல்லாம் இனி இரண்டு பெண்களுக்கும் இரண்டு ஆண்களுக்கும் உண்டு என்றார்கள். அதில் ஒரு வேடிக்கை: தனி ஆளுக்கு ஓய்வூதியம் கொஞ்சம் அதிகம், ஜோடிக்குத் தலைக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, எங்கள் ஊர் ஆட்களுக்கு அதிகாரி என்றால் ஒரே அர்த்தம்தான்: ஜோடியைக் கண்டுபிடித்துக் காசைக் குறைக்க வருகிறவர்.

அந்த வருடம் பெரிலுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பாதிப் பேச்சும் போயின. பக்கத்து ஊர் முதியோர் இல்லத்தில் ஜோடிக்கென்று ஒரே ஓர் அறை, இரண்டு கட்டிலோடு. அது காலியாயிற்று. ஜோடி என்று அரசாங்கக் கடிதம் வேண்டும். சகோதரிகள் என்றால் தனித்தனி வரிசை, தனித்தனிக் கட்டடம். நோரீன் இல்லாமல் பெரில் ஒரு வாய் சாப்பிட மாட்டாள். எனக்குத் தெரியும், மருந்தைக்கூட நோரீன் திட்டினால்தான் விழுங்குவாள்.

நோரீன் விண்ணப்பித்தாள். ஆனால் ஊரில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. முப்பது வருடப் பழக்கம்.

5

அதிகாரியின் பெயர் டேமியன். (முதல் வரைவில் இவரை வில்லனாக்கி மீசை வைத்தேன். மனசாட்சி உறுத்தியது. அவர் மீசையில்லாத நல்ல மனிதர்.) விசாரிக்க வந்தார். ஊர் உஷாரானது.

மீன்பிடிக்கிற மெர்வ் சொன்னார்: "அவங்களா? ரெண்டுக்கும் ஆகவே ஆகாது. வீட்ல ரெண்டு ஃப்ரிட்ஜ் வெச்சிருக்காங்கன்னா பாத்துக்கங்க."

பந்து விளையாட்டுக் கிளப் செயலாளர் கிளெனிஸ் சொன்னாள்: "கூடப் பொறந்தவங்க இல்லாமயா? மூக்கப் பாருங்க. அச்சு அசல்."

பிறகு என் கடைக்கு வந்தார். நான் எழுத்தாளன் வேறு. சும்மா இருப்பேனா? "அம்மா ஒண்ணு, அப்பா வேற" என்று தொடங்கி, அம்மா செத்தபோது மோதிரத்துக்காக இருவரும் சண்டை போட்டதையும், இரண்டு வருடம் பேசாமல் இருந்ததையும், கடைசியில் கல்லறையில் சமாதானமானதையும் சொன்னேன். மோதிரத்தில் பச்சைக்கல் பதித்தேன்.

"இவ்வளவு விவரமா யாரும் சொல்லல. ரொம்ப உதவியா இருக்கு, மிஸ்டர் சிதம்பரம்," என்றார் டேமியன்.

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல விமர்சனம் அதுதான்.

6

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அடுத்த வாரம் நோரீன் கடிதத்தோடு கடைக்குள் வந்தாள். ஒரே தாய்க்குப் பிறந்தவர்களைச் சட்டம் ஜோடியாக ஏற்காது என்று அதில் இருந்தது.

"சிட், பச்சைக்கல் மோதிரம்னா என்னடா?"

சொன்னேன். அவள் கத்தவில்லை. இருமல் மருந்து அடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். "உன் கதைய எவனும் படிக்கிறதில்லன்னு அழுவியே. ஒருத்தன் நம்பிட்டான் பாரு," என்றாள். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

இருவருமாக அலுவலகத்துக்குப் போனோம். நோரீன் அடலைன் கல்லறையின் புகைப்படத்தை மேசையில் வைத்தாள்.

"இந்த அம்மா செத்தது 1901. நான் பொறந்தது 1935. எப்படிப் பெத்தா?"

டேமியன் உற்றுப் பார்த்தார். "தேதி தப்பா செதுக்கியிருப்பாங்க. திருத்தச் சொல்லி எழுதலாம்."

"நாங்க ஜோடி. நானே ஒத்துக்கறேன்."

"மேடம், மறைக்கிறவங்களப் பிடிக்கத்தான் எங்ககிட்ட படிவம் இருக்கு. ஒத்துக்கறவங்களுக்கு இல்ல."

நான் எழுந்தேன். "அன்னைக்கு நான் சொன்னது பொய்."

"அன்னைக்குப் பொய் சொன்னவர் இன்னைக்கு உண்மை சொல்றார்னு நான் எப்படி எழுதறது?" என்றார், உண்மையாகவே வருந்தி. "புது சாட்சி ஒருத்தரக் கொண்டுவாங்க. ரெண்டு பேரையும் தெரிஞ்சிருக்கணும், சொந்தமா இருக்கக் கூடாது. அவங்க அக்கா தங்கச்சின்னு யார்கிட்டயும் சொல்லியிருக்கக் கூடாது."

ஊரில் தேடினோம். மூவாயிரம் பேரில் ஒருவர்கூட இல்லை.

7 முடிவுகள்

(அ) அலுவலகம் மனம் இரங்குகிறது. (அலுவலகத்துக்கு மனம் உண்டு என்று எழுதினால் மெர்வே சிரிப்பார்.)

(ஆ) கடிதம் வருவதற்குள் பெரில்

இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. வரைவைப் படித்த நோரீன் பேனாவைப் பிடுங்கிவிட்டாள். "அவளச் சாகடிச்சே, உன்ன நான் சாகடிப்பேன். முடிவு தெரியலன்னா யாரையாவது கொல்றதே உனக்குப் பொழப்பு."

(இ) ஆகவே, நடந்ததை மட்டும் எழுதுகிறேன். நேற்று மதியம் அவர்கள் சமையலறையில் இருந்தேன். எங்கள் பக்கம் பேஸ்டி என்கிற இறைச்சி பொதிந்த மாவுப் பண்டம் சுடும்போது ஓரத்தில் அவரவர் பெயரின் முதலெழுத்தை மாவில் வைப்பது சுரங்கக்காரர் காலத்து வழக்கம், யாரும் அடுத்தவருடையதைத் தொடக் கூடாதென்று. நோரீன் இரண்டு சுட்டிருந்தாள். பெரிலுடையதை நறுக்கி அவள் முன் வைத்தாள். பெரில் அதை இடது கையால் ஓரமாகத் தள்ளிவிட்டு, எட்டி நோரீனுடையதை எடுத்துக் கடித்தாள்.

"இன்னைக்காவது உன் எழுத்துப் போட்டதத் தின்னுடி," என்றாள் நோரீன்.

"உன்னுது... ருசி," என்றாள் பெரில், கோணிய வாயால்.

நோரீன் என்னிடம் திரும்பினாள். "ஒண்ணா இருக்க ஆரம்பிச்சு முப்பத்தஞ்சு வருஷம் சிட். என் எழுத்துப் போட்டத நான் தின்னதே இல்ல." பிறகு பெரில் தள்ளிவிட்டதை இழுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.

8

வாசகரே, இப்போது உங்களுக்கு இரண்டு பேரையும் தெரியும். நீங்கள் அவர்களுக்குச் சொந்தம் இல்லை. அவர்கள் அக்கா தங்கை என்று நீங்கள் யாரிடமும் சொன்னதில்லை. (சொல்லிவிடாதீர்கள், தயவுசெய்து. தலைப்பை இன்னொரு முறை பாருங்கள்.) டேமியன் கேட்ட சாட்சி உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். படிவம் இதோ:

இவர்களை உங்களுக்கு எப்படித் தெரியும்? ............

நீங்கள் நேரில் கண்டது என்ன? ............

இவர்கள் ஒருவருக்கொருவர் என்ன வேண்டும்? ............

கையொப்பம்: ............

இடம் போதாவிட்டால் தனித்தாளில் எழுதலாம். பேனாவை நான் கீழே வைத்துவிட்டேன். அந்த அறையை வெள்ளிக்கிழமை வரைதான் வைத்திருப்பார்களாம்.