நெரெய்தா பார்த்த விரிசல்

நெரெய்தா பொய் பேசுகிறவள் அல்ல. தம்பி வில்கினிடம் மட்டும் மூன்று முறை பொய் சொல்லியிருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன் அவர்களுடைய அண்ணன், போலோ என்ற மலையூருக்குப் போகும் சரிவில் பைக்கோடு பள்ளத்தில் விழுந்து செத்தான். அதிலிருந்து, வில்கினுக்கு மலைச் சவாரி அமைந்தாலே அவன் பைக்கில் ஏதாவது கோளாறு அவள் கண்ணில் பட்டுவிடும். ஒரு முறை பேரிங், ஒரு முறை பிரேக் வயர், ஒரு முறை செயின். எல்லாம் நன்றாக இருந்தவைதான். அவளுடைய பட்டறை பரஹோனா ஊரின் பைக் டாக்ஸி ஸ்டாண்டை ஒட்டியே இருந்ததால், பொய்யின் சாயம் வெளுத்து ஸ்டாண்டே சிரித்து முடித்துவிட்டது.

அன்று காலை அவன் பைக்குக்கு முன் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தாள். ஆக்சில் நட்டை முறுக்கியாயிற்று. இனி பைக்கைக் கட்டையிலிருந்து இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை இரு பக்கமும் தாங்கும் ஃபோர்க்கை நாலு தடவை அமுக்கி எழுப்ப வேண்டும். சக்கரம் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகுதான், ஃபோர்க்கின் காலில் ஆக்சிலைக் கவ்விப் பிடிக்கிற சின்ன போல்ட்டை அளவாக முறுக்கலாம். அதுவரை அதைக் கையால் திருகி மட்டும் வைத்திருந்தாள். அதற்குள் ஸ்டாண்டில் பதினேழைக் கூப்பிட்டார்கள். வில்கினின் சட்டைக்கு மேல் போடும் ஸ்டாண்டு அங்கியில் அதுதான் நம்பர். முறையை விட்டால் வரிசையின் வாலுக்குப் போக வேண்டும். அவனே பைக்கை இறக்கிக் கிளப்பிவிட்டான். போல்ட் இன்னும் முறுக்கவில்லை, உடனே திரும்பி வா என்று பின்னாலேயே கத்தினாள்.

மத்தியானம்தான் வந்தான். வழியில் ஒரு டயர் கடையில் ஸ்பேனர் கேட்டு வாங்கி, அதன் வாலில் இரும்புக் குழாயைச் சொருகித் தானே முறுக்கிவிட்டானாம்.

"இனிமே ஆண்டவனே வந்தாலும் கழட்ட முடியாதுக்கா" என்றான்.

அவள் குனிந்து பார்த்தாள். அளவுக்கு மீறி முறுக்கியதில், போல்ட்டுக்குப் பக்கத்தில், வார்ப்பு அலுமினியத்தில், மயிரிழை போல ஒரு விரிசல். ஸ்டாண்டில் மறுபடியும் பதினேழைக் கூப்பிட்டார்கள். போலோவுக்குப் போக ஒரு காப்பித் தோட்டத்துக்காரி மூட்டையோடு வந்து நின்றாள்.

"வேண்டாம்டா. ஃபோர்க் கால் விரிசல் விட்டிருக்கு. இறக்கத்துல பிரேக் போட்டேன்னா சக்கரம் தனியாப் போயிரும்."

"போலோன்னதும் விட்டுருச்சாக்கும்? பேரிங்கு, பிரேக்கு, செயினு, இப்ப ஃபோர்க்கு. ஹாரன் ஒண்ணுதான்கா பாக்கி."

"அதெல்லாம் பொய்தான், ஒத்துக்கறேன். இது பொய்யில்லடா."

"அப்பவும் இதையேதான சொன்ன?"

ஸ்டாண்டுத் தலைவர் எவாரிஸ்தோவை இழுத்து வந்து காட்டினாள். அவர் கட்டை விரலால் அழுக்கைத் துடைத்துப் பார்த்துவிட்டு, இது வார்க்கும்போதே விழுந்த கோடு, தம்பியை விடு அம்மா என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வில்கின் மூட்டையைக் கட்ட ஆரம்பித்தான்.

நெரெய்தா சுத்தியலை எடுத்து வந்து ஃபோர்க்கின் காலில் ஓங்கி அடித்தாள். ஒரே அடிதான். காலின் நுனி கையளவு உடைந்து தரையில் விழுந்தது.

"நல்ல காலா இருந்தா ஒரே அடிக்கு விழுமாடா?" என்று துண்டை எடுத்து நீட்டினாள்.

எவாரிஸ்தோ அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பழைய விரிசல் என்றால் உடைந்த இடம் கறுத்திருக்கும். இந்த விரிசல் காலையில்தான் விட்டது. விரிசல் எது, அடி எது என்று தெரியாதபடி உடைந்த இடம் முழுக்கப் பளபளவென்று வெளுத்திருந்தது. இப்பத்தான் உடைஞ்சிருக்கு என்றார். அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. இருந்த ஒரே சாட்சியைத் தன் கையாலேயே உடைத்துப் போட்டிருந்தாள்.

வில்கின் மூட்டையைப் பதினெட்டாம் நம்பர்காரன் பைக்கில் ஏற்றி, அந்த அம்மாளை அனுப்பி வைத்தான். பிறகு அங்கியைக் கழற்றி எவாரிஸ்தோவிடம் கொடுத்தான். அந்த மாடலுக்கு ஃபோர்க் கால் கிடைப்பது குதிரைக் கொம்பு, பைக் இனி ஓடாது என்று எல்லோருக்கும் தெரியும்.

"அண்ணன் போனப்ப எனக்கு நீ இருந்த. இப்ப யாரும் இல்லக்கா" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

அவள் பின்னால் போகவில்லை. போய் என்ன சொல்வது? சாயங்காலம் அவன் உயிரோடு வீட்டுக்குப் போவான். அது அவள் அடித்த அடியால்தான் என்று சாகும்வரை அவன் நம்பப் போவதில்லை.