கறுப்பு முத்திரையும் குளத்துப் பிரபுவும்

ஹைடன்ரோடாவின் இந்தக் கோடியில் ஒரு குதிரை கனைத்தால் அந்தக் கோடியில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான், நாடே அவ்வளவுதான். ஆனால் அதை ஆண்ட டியூக் லூடோல்ஃபுக்கு உறவுக்காரர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அத்தனை பேரும் ஏதோ ஒரு ஜெர்மானிய மண்ணை ஆளும் வம்சம். அத்தனை பேருக்கும் வயதாகிவிட்டது. யார் செத்தாலும் அரண்மனை துக்கம் காக்க வேண்டும். மாமாவுக்கு ஆறு வாரம், ஒன்றுவிட்ட அத்தைக்கு மூன்று வாரம். துக்க நாளில் ஆட்டம் கிடையாது, பாட்டுக் கிடையாது, கல்யாணம் கிடையவே கிடையாது.

இதனால் டியூக்கின் மகள் அடெல்குண்டேயின் கல்யாணம் நான்கு தடவை தள்ளிப்போயிருந்தது. முதல் தேதி குறித்தபோது மாப்பிள்ளை எகானுக்குத் தலை நிறையச் சுருள்முடி. இப்போது பொய்முடிக்குக் கீழே ஒன்றும் மிச்சமில்லை. இன்னொரு தடவை தள்ளினால் வேறு இடத்தில் பெண் பார்த்துவிடுவேன் என்று அவனுடைய தகப்பனார் கண்டிப்பாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

ஐந்தாவது கல்யாண நாள். தேவாலய வாசலுக்கு ஊர்வலம் வந்துவிட்டது. எக்காளக்காரர்கள் மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். அந்த நேரம் பார்த்து அரண்மனை அதிகாரி குன்ஸ்டெட் வெள்ளித்தட்டோடு வந்து நின்றார். தட்டில் கறுப்பு முத்திரை வைத்த கடிதம்.

அடெல்குண்டே தட்டுக்கு அருகே நகர்ந்தாள்.

"யாரு போனாங்க?" டியூக்கின் குரலில் சோகத்தைவிட ஆவல்தான் அதிகம். பெரிய இடத்துச் சாவு என்றால் அவருக்கு ஒரு பெருமை.

"பிரிச்சுப் படிச்சாத்தான் தெரியும், பிரபு. நீங்க கேட்ட நிமிஷத்துலேருந்து துக்கம் ஆரம்பம்."

டியூக் கடிதத்தைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துக் கண்ணைச் சுருக்கினார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது. நாலு பேர் பார்க்கக் கண்ணாடி போட்டால் டியூக்கின் கௌரவம் என்னாவது?

"குடுங்கப்பா, நான் படிக்கிறேன்" என்று மகள் பிடுங்கிக்கொண்டாள். "முதல்ல மேல்விலாசம். ஒரு பட்டம் விட்டுப்போனாலும் பிரிக்காம திருப்பி அனுப்பணும். நீங்க போட்ட சட்டம்தானே?"

"ஆமா, ஆமா. நிதானமா படிம்மா."

தன் பட்டங்களைக் கேட்பதில் அவருக்கு அலுப்பே வந்ததில்லை. ஹைடன்ரோடாவின் டியூக், ரெண்டு காடுகளின் காவலர், பாதி மலையின் கோமான் என்று அவள் ராகம் போட்டுப் படிக்கப் படிக்க, அவர் விரல் மடக்கிக்கொண்டே வந்தார்.

"பதினாறு. அப்புறம்?"

"அவ்வளவுதாம்பா."

"என்னது! ஃபிங்கன் குளத்துப் பிரபு எங்கே?"

குன்ஸ்டெட் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பதினேழாவது பட்டம் கட்டைவிரல் தடிமனில் பளிச்சென்று இருந்தது. துக்கத்துக்காக இரண்டு வருடமாகக் கறுப்புக் காலுறை போட்டு அவருக்குக் கணுக்காலெல்லாம் சொறி.

"குளம் கிளம் ஒண்ணும் காணோமே, பிரபு."

"என் கொள்ளுத்தாத்தா மூணு நாள் சண்டை போட்டுப் புடிச்ச குளம்யா அது! பதினோரு வாத்து நீந்துது! திருப்பி அனுப்பு! முதல்ல ஒழுங்கா எழுதச் சொல்லு, அப்புறம் சாகச் சொல்லு!"

எக்காளம் முழங்கியது. கால்மணி நேரத்தில் அடெல்குண்டே எகானின் மனைவி.

விருந்து நடுவில் அவள் முற்றத்துக்கு ஓடினாள். கடிதம் கொண்டுவந்த தூதன் குதிரையைப் பிடித்தபடி திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தான்.

"இளவரசியம்மா, செத்துப்போனது யாருன்னா..."

அவன் வாயில் ஒரு பெரிய பிளம் கேக்கைத் திணித்தாள்.

"மென்னு முழுங்குங்க. போக நாலு நாள், வர நாலு நாள். அதுவரைக்கும் எங்க வம்சத்துல எல்லாரும் சௌக்கியம்."

உள்ளே அடுத்த ஆட்டத்துக்கு வயலின் கிளம்பிவிட்டது. பாவாடையை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு, படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடினாள்.