நடுவில் நின்ற நட்சத்திரம்

காலை ஆறரைக்கு டெலிபோனில் ஸ்ரீரஞ்சனியின் குரல் துள்ளியது. "சார், நேத்து ராத்திரி எடுத்த படங்கள்ல புதுசா ஒண்ணு இருக்கு! பழைய வரைபடத்துல கிடையாது. மூணு படத்துலயும் மங்கிண்டே போறது!"

"ரொம்ப சந்தோஷம்மா" என்று ரிசீவரை வைத்தார் ரகுபதி. சந்தோஷம் நாக்கோடு நின்றுவிட்டது. வயிறு எரிந்தது.

வானத்தில் எங்கோ காமாக் கதிர்கள் வெடிக்கும்; சில விநாடிகளில் அடங்கிவிடும். செயற்கைக்கோள் அதைக் கண்டு சேதி அனுப்பினால், மலைமேல் ஆளில்லாமல் நிற்கும் தொலைநோக்கி தானாகவே திரும்பிப் படமெடுக்கும். வெடித்த இடத்தில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று படங்களில் தேட வேண்டும். தொலைநோக்கியைத் திருப்பும் புரோகிராம் ரகுபதி எழுதியது. பதினைந்தே விநாடியில் படமெடுக்கும் என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொள்வார். நான்கு வருஷமாக அவருக்கு ஒன்றும் சிக்கவில்லை. அபிராமபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் வரும் இந்தப் பெண்ணுக்கு, வேலைக்குச் சேர்ந்த ஆறே மாதத்தில் சிக்கிவிட்டது.

சைதாப்பேட்டையில் பஸ் ஏறுமுன் காரணீஸ்வரர் சந்நிதியில் ஒரு நிமிடம் நிற்பது அவர் வழக்கம். அன்றும் நின்றார். 'அது பொய்யாகப் போகட்டும், சாமி' என்றது மனம். கேட்டபிறகுதான் என்ன கேட்டோம் என்று உறைத்தது. அவசரமாகத் திருநீற்றைப் பூசிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

அடையாறு ஆராய்ச்சி அலுவலகத்தில் இயக்குநர் ஸ்ரீனிவாசராகவன் ஸ்வீட் பெட்டியோடு நின்றார். "வாய்யா ரகு! உங்க சைதாப்பேட்டை பாஷையிலயே கேக்கறேன். நாலு வருஷமா இன்னா பண்ணிக்கினு இருந்தே?"

ரகுபதி சிரித்து வைத்தார்.

"உலகம் பூரா இருக்கற டெலஸ்கோப்காராளுக்குப் போற கடிதம் ரெடி சார்" என்றாள் ஸ்ரீரஞ்சனி. "நீங்க ஒரு தடவை படத்தைப் பாத்துட்டா அனுப்பிடலாம்."

"அவன் என்னத்தைப் பாக்கறது? வேற எவனாவது முந்திக்கப் போறான், அனுப்பும்மா" என்றார் இயக்குநர்.

"அவரோட டெலஸ்கோப் சார். அவர் பாக்காம எப்படி?"

ரகுபதி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். புது நட்சத்திரம் படத்தின் நட்டநடுவில் இருந்தது. செயற்கைக்கோள் சொல்வது உத்தேசமான இடம். நிஜமானது ஒரு மூலையில் கிடக்கும், இல்லாவிட்டால் படத்துக்கு வெளியே. இது எப்படி அளந்து வைத்தாற்போல் நடுவில் நிற்கிறது?

அவருக்கு விளங்கிவிட்டது. தினமும் இருட்டியதும் தொலைநோக்கி ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை நடுவில் வைத்து ஃபோகஸ் சரிபார்க்கும். அந்த வெளிச்சம் கேமராவில் கறையாகத் தங்கி, சில நிமிடங்களில் மங்கி மறையும். அதனால் அடுத்த படத்துக்கு முன் புரோகிராமே கேமராவிலிருந்து அந்தக் கறையைத் துடைத்துவிடும். வெடிப்புச் சேதி வந்தால் மட்டும் துடைக்காமல் ஓடும்படி எழுதியிருந்தார். பதினைந்து விநாடிப் பெருமைக்காக. நேற்று ஃபோகஸ் பார்த்தது ஏழு மணிக்கு. சேதி வந்தது ஏழு மணி இரண்டு நிமிஷத்துக்கு.

'நல்லா இருக்கு, அனுப்பு' என்றால் போதும். சாயங்காலத்துக்குள் வெளிநாட்டுத் தொலைநோக்கிகளெல்லாம் அங்கே திரும்பி, ஒன்றுமில்லை என்று கண்டு, அவள் பெயரைச் சொல்லிச் சிரிக்கும். புரோகிராமை யாரும் தோண்டிப் பார்க்கப் போவதில்லை.

முழங்கை அருகே ஒரு டம்ளர் வந்தது. "காபி சார். சக்கரை போடலை. கார்த்தால ஒண்ணும் சாப்ட்டிருக்க மாட்டேள்."

தனக்குச் சர்க்கரை வியாதி என்று அவளிடம் எப்போது சொன்னோம் என்று அவருக்கு நினைவில்லை. அவள் நினைவு வைத்திருந்தாள்.

"அனுப்பாதேம்மா" என்றார். "இது நட்சத்திரம் இல்லை, கேமராக் கறை. தப்பு என்னுது." எல்லாவற்றையும் சொன்னார். காலையில் வேண்டிக்கொண்டதை மட்டும் சொல்லவில்லை.

இயக்குநர் ஸ்வீட் பெட்டியை மூடினார். ஸ்ரீரஞ்சனியின் கண் நிறைந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கடிதத்தை அழித்தாள். பிறகு திரும்பி, "துடைக்க எத்தனை நேரம் ஆகும் சார்?" என்றாள்.

"பத்து விநாடி."

"அப்போ இருபத்தஞ்சு. பரவாயில்லை சார், இன்னிக்கே சேத்துடலாம்."

மறுநாள் காரணீஸ்வரர் முன்னால் ரகுபதி கொஞ்சம் அதிக நேரம் நின்றார். 'நேற்றுக் கேட்டதைக் கொடுத்துவிட்டாய். இனிமேல் நான் அப்படிக் கேட்டால் கொடுக்காதே. அந்தப் பெண்ணுக்கு நிஜமான ஒன்றைக் காட்டு.' படியிறங்கியவர் திரும்பிப் பார்த்தார். 'நான் லீவு போடாத நாளாகப் பார்த்து.'